அடுப்பு இருந்த இடம்

எந்த ஊருக்குப் போனாலும் அக்கா கேட்பது ஒரே கேள்விதான்.

"சரி. சோறு எங்க ஆக்குனாங்க?"

கோபுரத்தைக் காட்டினாலும் கேட்பாள். ராஜா உட்கார்ந்த கல்லைக் காட்டினாலும் கேட்பாள். கைடு ஆங்கிலத்தில் சொல்லுவார். டூர் மேனேஜர் அதைத் தமிழில் சொல்லுவார். எல்லோரும் அண்ணாந்து பார்ப்பார்கள். அக்கா மட்டும் கீழே பார்ப்பாள். தரை, சுவர் மூலை, கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே உள்ள சந்து. எங்காவது கறுப்பாகத் தெரிந்தால் போய் விரலால் தேய்த்துப் பார்ப்பாள். பாசியாக இருக்கும். உதட்டைப் பிதுக்கிக்கொண்டு வருவாள்.

அக்கா எனக்குச் சொந்தம் இல்லை. கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அவள் வீடு ஒரு சந்தில், என் வீடு அடுத்த சந்தில். கல்யாண மண்டபங்களில் அவள் சமைப்பாள். நான் காய் நறுக்குவேன், பாத்திரம் தேய்ப்பேன். அப்படிப் போய்க்கொண்டிருந்தபோது கள்ளக்குறிச்சியில் ஒருவர் டூர் நடத்தத் தொடங்கினார். வெளிநாட்டில் இருக்கிற பழைய கோயில்களுக்கு ஆள் சேர்த்துக் கூட்டிப்போவார். நாங்கள் அவரை மேனேஜர் என்போம். நம் ஊர்க்காரர்கள் கடல் தாண்டுவார்கள், மலை தாண்டுவார்கள், ஆனால் மத்தியானம் சோறும் ரசமும் இல்லாமல் இருக்கமாட்டார்கள். அதனால் கூடவே சமையல் ஆளையும் கூட்டிப்போவது வழக்கம். அப்படித்தான் நாங்கள் இரண்டு பேரும் வெளிநாடு பார்த்தோம்.

பார்த்தோம் என்று சொல்கிறேன். பார்த்தது பெரும்பாலும் ஓட்டல்களின் பின்பக்கம்தான்.

பின்பக்கம் எல்லா நாட்டிலும் ஒன்றுதான். சாக்கடை, காலி சிலிண்டர், முட்டை அட்டை, ஒரு பூனை. அங்கே ஒரு மூலையைக் காட்டி, இங்கே சமையுங்கள் என்பார்கள். பஸ் கோயிலுக்குப் போகும். நாங்கள் வெங்காயம் உரிப்போம். பஸ் திரும்பி வரும்போது சோறு தயாராக இருக்க வேண்டும். டிக்கெட் இல்லாத கோயில் பக்கத்தில் இருந்தால், வடித்துவிட்டு ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வருவோம். டிக்கெட் வாங்க வேண்டிய இடம் என்றால் இல்லை. மேனேஜர் எங்களுக்கு டிக்கெட் எடுக்கமாட்டார்.

அக்கா குள்ளம். முழங்கையில் எண்ணெய் தெறித்த தழும்பு இருக்கும். இடுப்பில் தைலம் தீர்ந்துபோன தகர டப்பா ஒன்றைச் செருகியிருப்பாள். அதில் குங்குமம். அடுப்பைப் பற்றவைப்பதற்கு முன்னால் அடுப்புக்கு ஒரு பொட்டு வைப்பாள். கேஸ் அடுப்பானாலும் வைப்பாள். வைத்துவிட்டு, அடுத்த வீட்டுக்காரியிடம் சொல்வதுபோலச் சொல்வாள்.

"வந்துட்டோம். ஆக்கிடறோம். கையச் சுடாத."

அதற்கப்புறம்தான் தீக்குச்சி கிழிப்பாள். நேபாளத்தில் ஓட்டல் பையன் ஒருவன் இதைப் பார்த்துவிட்டு வந்து தன் நெற்றியையும் காட்டினான். அக்கா சிரிக்கவில்லை. அவனுக்கும் ஒன்று வைத்துவிட்டு, "வந்துட்டோம்" என்று மட்டும் சொன்னாள்.

அதே நேபாளத்தில் பசுபதிநாதர் கோயில். பக்கத்தில் ஓடுவது பாக்மதி ஆறு. அந்தக் கரையில் பிணங்கள் எரிந்துகொண்டிருந்தன. டூர் வந்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டு கும்பிட்டார்கள். சிலர் அழுதார்கள். அக்கா கண்ணை மூடவில்லை. வெகுநேரம் பார்த்தாள்.

"கட்ட அடுக்குறவன் தொழில் தெரிஞ்சவன்" என்றாள். "பாரு, அடில சந்து வுட்டு வச்சிக்கிறான். காத்து உள்ள போவுது. பொகையே இல்ல."

"அக்கா, பொணம் அது."

"தெரியுது. தீய தான் சொல்றேன்."

இலங்கையில் அனுராதபுரம் போனபோது வழியிலேயே பந்தி போட வேண்டியிருந்தது. அதனால் எங்களையும் உள்ளே விட்டார்கள். பழைய காலத்துப் புத்த சாமியார்கள் சாப்பிட்ட இடம் ஒன்று உண்டு. கூரை இல்லை, சுவர் இல்லை, தூண்கள் நிற்கின்றன. நடுவில் ஒரு கல் தொட்டி. தொட்டி என்று சொன்னால் போதாது. ஓடம் போல நீளம். அதில்தான் சோற்றைக் கொட்டிவைத்து எல்லோருக்கும் கொடுப்பார்களாம்.

அக்கா அதன் ஓரமாக நடந்தாள். ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு முழம் போட்டாள். நடுவில் நிறுத்திவிட்டாள்.

"இது ரொம்பறதுக்கு எத்தினி மூட்ட அரிசி வேணும் தெரியுமா?"

"தெரியாதுக்கா."

"எனக்கும் தெரியல. கல்யாணம் எத்தினி ஆக்கிக்கிறேன், எனக்கே தெரியல. பயமா கீதுடி."

பயம் என்று அவள் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான். அப்புறம் சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"தொட்டிய வச்சிக்கிறான். அடுப்பு எங்க? இத்தினி சோறு ஆக்குனா நெலம் கருகியிருக்கும். கல்லு வெடிச்சிருக்கும். எங்க?"

மேனேஜர் கைடிடம் கேட்டார். கைடு கையை விரித்தார். அதெல்லாம் மண்ணுக்குள் போயிருக்கும் என்றார்.

"அது மட்டும் மண்ணுக்குள்ள பூடும்" என்றாள் அக்கா.

இந்தப் பைத்தியம் அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்கு முதலில் தெரியாது. ஒரு தடவை கல்வராயன் மலைமேல் வெள்ளிமலைப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குச் சமைக்கப் போனோம். பஸ் வளைந்து வளைந்து ஏறியது. ஒரு வளைவில் அக்கா என் கையைக் கிள்ளினாள்.

"இங்க தான்."

"இன்னா இங்க?"

"என் அடுப்பு."

நான் எட்டிப் பார்த்தேன். ரோடுதான் இருந்தது.

மலைக்கு ரோடு போட்ட காலத்தில் அவள் புதுசாகக் கல்யாணம் ஆனவள். புருஷன் கல் உடைக்க வந்தான். அவள் கூட வந்தாள். வேலை செய்கிறவர்களுக்கெல்லாம் களி கிண்டிப் போடுவது அவள் வேலை. மலையை வெட்டிச் சமன் பண்ணிய இடத்தில் மூன்று பாறைக்கல்லைக் கூட்டி அடுப்பு போட்டாள். மழையில் தார்ப்பாயைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு கிண்டினாளாம். ரோடு அவள் அடுப்புவரை வந்ததும் மூன்று கல்லையும் உருட்டிவிட்டு, சாம்பல்மேல் ஜல்லி கொட்டி, அதன்மேல் தார் ஊற்றிவிட்டார்கள்.

"மேல போனா ஒரு கல்லு நட்டு வச்சிக்கிறாங்க. யாரு தொறந்து வச்சாங்கன்னு போட்டுக்கீது" என்றாள். அப்புறம் சிரித்தாள். "என் அடுப்பு மேல பஸ்ஸு போவுது பாரு. நாமளே டிக்கெட் எடுத்துக்கினு போறோம்."

அவ்வளவுதான்.  

கம்போடியா டூர் வந்தது. உலகத்திலேயே பெரிய கோயில் அங்கேதான் இருக்கிறதாம், நம் சாமிக்குக் கட்டியதாம். மேனேஜர் எங்கள் தெருவுக்கே வந்து சொன்னார். அக்கா மாவு சலித்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு டிக்கெட்டு எடுப்பியா?"

"பிளேன் டிக்கெட் எடுக்காம எப்படிக்கா?"

"பிளேனு இல்ல. கோயிலுக்கு."

மேனேஜர் சிரித்தார். "அங்க டிக்கெட்டு ஜாஸ்திக்கா. சரி, எடுத்துடலாம்."

"எனக்கும் இவளுக்கும்."

"சரிக்கா, சரிக்கா."

"சரின்னு ரெண்டு தபா சொன்னா எனக்குப் பயம்" என்றாள் அக்கா. ஆனாலும் வந்தாள்.

அந்த ஊர் விமான நிலையத்தில் ஒரு அதிகாரி எங்கள் மூட்டையைப் பிரித்தார். பெருங்காய டப்பாவைத் திறந்து மூக்கருகே கொண்டுபோனார். தலையை வெடுக்கென்று பின்னால் இழுத்துக்கொண்டார். அக்கா கைகட்டி நின்று, "கொஞ்சமா போடணும்ங்க" என்று தமிழில் சொன்னாள். என்ன புரிந்ததோ, மூடிக் கொடுத்துவிட்டார்.

முதலில் தங்கியது ஆற்றங்கரை ஓட்டலில். பின்பக்கக் கதவைத் திறந்தால் ஆறு. நம் கோமுகி ஆற்றை மழைக்காலத்தில் பார்த்தாலும் அக்கரை தெரியும். இங்கே அக்கரை ஒரு கோடு. தண்ணீர் செம்மண் நிறம். சத்தமே இல்லாமல் அவ்வளவு தண்ணீர் போனது. நான் அரிசியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

எங்களோடு வந்த கைடு அந்த ஊர்ப் பெண். சின்ன வயசு. மழைக்காலம் வந்தால் இந்த ஆறு திரும்பி எதிர்ப்பக்கம் ஓடும் என்று அவள் சொன்னதை மேனேஜர் வந்து சொன்னார்.

"பொய்" என்றாள் அக்கா.

அந்தப் பெண்ணே சமையல் இடத்துக்கு வந்தாள். கையை ஆறு மாதிரி ஆட்டிக் காட்டினாள். இப்படிப் போகும். அப்புறம் பெரிய ஆறு நிரம்பி வந்து தள்ளும். அப்புறம் இப்படித் திரும்பி ஏரிக்குப் போகும்.

அக்கா ஆற்றையும் அந்தக் கையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எதையாவது மறந்து வச்சிட்டு வந்திருக்கும்" என்றாள்.

சொன்னாளே தவிர, அன்றைக்கு முழுக்க வேலைக்கு நடுவில் எழுந்து எழுந்து போய் ஆற்றைப் பார்த்துவிட்டு வந்தாள்.

டூரில் வந்தவர்களில் தியாகதுருகத்துக்காரம்மா ஒருவர். நிலபுலம் உள்ளவர். கையில் எப்போதும் குடை. முதல் நாளே அக்காவைப் பிடித்துக்கொண்டார்.

"கள்ளக்குறிச்சில நீ எந்தத் தெரு?"

"சமையக்கட்டுத் தெருங்க" என்றாள் அக்கா.

அந்தம்மா ஒரு நிமிஷம் பார்த்தார். அப்புறம் தட்டை நீட்டினார்.

"ரசம் ஊத்து."

கோயில் இருக்கிற ஊருக்குப் போய்ச் சேர்ந்தோம். மறுநாள் காலையில் எல்லோரும் கிளம்ப வேண்டும். பொழுதெல்லாம் சுற்றுவதால் மத்தியானத்துக்குப் புளிச்சோறு கட்டிக்கொண்டு போவதாக ஏற்பாடு. விடிந்ததும் மேனேஜர் பின்பக்கம் வந்தார்.

"யக்கா, சோத்தக் கட்டி பஸ்ல ஏத்திடுங்க. நாங்க பாத்துக்கறோம். நீங்க ராத்திரிக்கு சப்பாத்தி பாருங்க."

"எங்க டிக்கெட்டு?"

"அக்கா, அங்க சும்மா டிக்கெட் இல்லக்கா. போட்டோ புடிச்சு கார்டு போடறான். ஆளுக்கு ஒண்ணு. நாளைக்கு பாக்கலாம்."

அக்கா குங்கும டப்பாவைத் திறந்தாள். அடுப்புக்குப் பொட்டு வைத்தாள். ஆனால் வழக்கமாகச் சொல்வதைச் சொல்லவில்லை. தீப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னாக்கா?"

"கார்டு கழுத்துல வரட்டும். அப்பறம் கிழிக்கிறேன்."

மேனேஜர் முதலில் சிரித்தார். அப்புறம் கெஞ்சினார். அப்புறம் சத்தம் போட்டார். சத்தம் கேட்டு டூர்க்காரர்கள் ஒவ்வொருவராகப் பின்பக்கம் வந்தார்கள். நல்ல துணி உடுத்தி, திருநீறு பூசி, சாக்கடை ஓரமாக நின்றார்கள். காலைக் காப்பிகூட இன்னும் இல்லை.

"இன்னா தம்பி?" என்றார் தியாகதுருகத்தம்மா.

"இவங்களுக்கும் கோயில் பாக்கணுமாம்மா."

"சோறாக்க வந்தவளுக்குக் கோயிலு கேக்குதா?"

"கேக்குதுங்க" என்றாள் அக்கா. உட்கார்ந்தபடியேதான் சொன்னாள். "இவ்ளோ தூரம் வந்து வெங்காயத்தயே பாத்துக்கினு போவ முடியலிங்க."

நான் மெதுவாக, "எனக்கு வேணாம்க்கா, உனக்கு மட்டும் கேளு" என்றேன்.

"உனக்கு வேணாம்னா அண்டாவ யாரு தூக்கறது? சும்மா இரு."

மேனேஜர் அவள் பக்கத்தில் குனிந்தார். குரலைத் தாழ்த்திச் சொன்னது எனக்குக் கேட்டது.

"இதான் உனக்குக் கடைசி டூரு. பாத்துக்கோ. இனிமே கூப்பிட மாட்டேன்."

அக்கா அடுப்பைப் பார்த்தாள். டூர் வந்தால்தான் அவள் வீட்டில் நல்ல நாள். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.  ஓட்டல் பூனை வந்து அண்டாவை முகர்ந்துவிட்டுப் போனது.

"சரி" என்றாள் அக்கா. "இது கடைசியாவே இருக்கட்டும். கார்ட எடு."

தியாகதுருகத்தம்மா குடையைத் தரையில் தட்டினார். "எடுத்துக் குடுத்துத் தொலயேன் தம்பி. வயிறு கிள்ளுது."

மேனேஜர் எங்களை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார். கண்ணாடிக் கட்டடம். ஒரு பெண் எங்களை நிற்கவைத்துப் படம் பிடித்தாள். கார்டு வந்தது. அதில் என் முகம் திருடி மாதிரி இருந்தது. அக்கா முகம் சிரித்துக்கொண்டிருந்தது. கழுத்தில் மாட்டிக்கொண்டாள். திரும்பி வந்து தீக்குச்சி கிழித்தாள். அவ்வளவு வேகமாக அவள் புளிச்சோறு கிளறி நான் பார்த்ததில்லை.

பெரிய கோயிலை முதலில் பார்த்தோம். அதைப் பற்றி எனக்கு எழுத வராது. முதலில் தண்ணீர். கோயிலைச் சுற்றி அகழி. ஏரி என்றுதான் நினைத்தேன். அதன்மேல் கல்பாலம். நடந்துகொண்டே இருந்தோம். கோபுரங்கள் தூரத்திலேயே இருந்தன. நடக்க நடக்கப் பெரிதாகின. யாரோ "சிவ சிவா" என்றார்கள். நான் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டேன். யாரும் கழற்றச் சொல்லவில்லை. கால் தானாகக் கழற்றிக்கொண்டது.

அக்காவும் அங்கே கீழே பார்க்கவில்லை. அதுதான் ஆச்சரியம். வாயைத் திறந்துகொண்டு மேலேயே பார்த்தாள். படி ஏறும்போதும் பேசவில்லை. உச்சியில் நின்று காட்டைப் பார்த்தபோதும் பேசவில்லை. இறங்கி வந்து ஒரு தூணில் சாய்ந்துகொண்ட பிறகுதான் பேசினாள்.

"இத்தினி கல்லு."

"ஆமாக்கா."

"ஒரு கல்லுக்கு எத்தினி ஆளு? அத்தினி ஆளுக்கும் ரெண்டு வேள."

அங்கே ஆரம்பித்துவிட்டாள். மறுபடி கீழே பார்க்கத் தொடங்கினாள். தாழ்வாரம் தாழ்வாரமாகப் போனாள். கிணறு மாதிரி ஒன்றை எட்டிப் பார்த்தாள். அடுப்பு இல்லை.

அடுத்தது முகங்கள் உள்ள கோயில். ஒவ்வொரு கோபுரத்திலும் நாலு பக்கமும் கல்முகம். ஒவ்வொன்றும் ஒரு வீடு உயரம். கண்ணை மூடிச் சிரிக்கிறது. எங்கே நின்றாலும் ஏதோ ஒரு முகம் நம்மேல் குனிந்து நிற்கிறது. தியாகதுருகத்தம்மா குடையை மடக்கிவிட்டார். வெயில் அடித்தது, ஆனாலும் மடக்கிவிட்டார்.

அக்கா சுவர் ஓரமாகக் குனிந்து போய்க்கொண்டிருந்தாள். அதைக் கைடு பெண் பார்த்துவிட்டாள். ஏதாவது தொலைந்துவிட்டதா என்று மேனேஜரிடம் கேட்டாள். மேனேஜருக்குக் காலையிலிருந்தே கோபம்.

"அடுப்பத் தேடுதாம்" என்றார். அதையே ஆங்கிலத்திலும் சொன்னார்.

அந்தப் பெண் சிரித்தாள். சிரித்துக்கொண்டே வந்தவள் சட்டென்று நின்றாள். ஏதோ ஞாபகம் வந்தது போல. ஓடிவந்து அக்காவின் மணிக்கட்டைப் பிடித்தாள். இழுத்துக்கொண்டு போனாள். நான் பின்னால் ஓடினேன். கோயிலைச் சுற்றி வெளிப்பக்கச் சுவர். கூரை இல்லாததால் வெயில் நேராகச் சுவரில் விழுந்தது. சுவர் முழுக்கச் சிற்பம். ஓடம், ஓடத்தில் சண்டை, தண்ணீரில் விழுந்த ஆட்கள், நடுவில் மீன்கள். அந்தப் பெண் அதையெல்லாம் காட்டவில்லை. கடந்து போனாள். ஒரு இடத்தில் நின்று விரலை நீட்டினாள்.

அடுப்பு.

அடுப்பின்மேல் பாத்திரம். பக்கத்தில் ஒருவர் குந்தியிருந்து தீயைப் பார்க்கிறார். இன்னொரு பக்கம் பெரிய அண்டா. அதில் ஒரு பன்றியைத் தலைகீழாக இறக்குகிறார்கள். குச்சியில் கோத்து எதையோ சுடுகிறார்கள். தட்டுகளைத் தலையில் தூக்கிக்கொண்டு வரிசையாகப் போகிறார்கள்.

"அய்ய, பன்னி!" என்று தியாகதுருகத்தம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். எங்கள் பின்னாலேயே வந்திருக்கிறார்.

"நமக்கு இல்லமா. அவங்களுக்கு" என்றாள் அக்கா. 

பக்கத்தில் போனாள். மூக்கு கல்லில் இடிக்கிற தூரத்தில் நின்றாள். ஒவ்வொருவராகப் பார்த்தாள்.

"இவன் புதுசு. அண்டா கிட்ட பயந்துக்கினு நிக்கறான். இவன் கெட்டிக்காரன், கைய எட்டவே வச்சிக்கிறான். தட்டு தூக்கறவன் பாரு, 'போ போ'ன்றான். பந்தில கத்தறாங்க போல. இந்த ஆளு எதுக்கும் அசையல. தீயத் தவிர எதையும் பாக்கல." அவள் விரல் குந்தியிருப்பவருக்கு நேராக நின்றது. தொடவில்லை. "நல்ல ஆளு."

நான் கல்லைப் பார்த்தேன். அவள் சொன்ன பிறகு எல்லோரும் அசைவது போல இருந்தது.

அப்புறம் அக்கா என் பக்கம் திரும்பினாள். கண் கலங்கியிருந்தது. அவள் புருஷன் செத்தபோதுகூட நான் அதைப் பார்த்ததில்லை.

"யாரோ பாத்திருக்கான்டி" என்றாள். "கல்லு செதுக்கறவன் சாப்பிடப் போயிருக்கான். துன்னுட்டு சும்மா வரல. பாத்துட்டு வந்திருக்கான்."

கை தானாக இடுப்புக்குப் போனது. டப்பாவைத் திறந்தாள். விரலில் குங்குமம் எடுத்தாள். எனக்குப் புரிவதற்குள் விரல் கல் அடுப்புக்குப் பக்கத்தில் போய்விட்டது.

விசில் ஊதியது. காவல்காரர் ஓடிவந்தார். மேனேஜர், "யக்கா! பைன் போட்டுடுவான்!" என்று கத்தினார். கைடு பெண் கையைக் குறுக்கே நீட்டினாள்.

அக்காவின் விரல் நின்றது. கல்லுக்கும் விரலுக்கும் நடுவே ஒரு நெல் போகிற இடைவெளி.

"தொடலப்பா" என்றாள் காவல்காரரிடம். "தொட மாட்டேன். சொல்லிட்டுப் போறேன்."

கல்லைப் பார்த்தாள்.

"வந்துட்டோம்" என்றாள்.

அதற்குமேல் சொல்ல வரவில்லை. ஆக்கிடறோம் என்று அங்கே எப்படிச் சொல்வது. அவர்களே ஆக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

விரலில் இருந்த குங்குமத்தை டப்பாவின் விளிம்பில் வழித்து உள்ளே போட்டு மூடினாள். காவல்காரர் விசிலை வாயிலிருந்து எடுத்தார். கொஞ்ச நேரம் அவரும் எங்களோடு நின்று அந்தச் சுவரைப் பார்த்தார்.

மத்தியானம் மரத்தடியில் புளிச்சோறு பரிமாறினோம். தியாகதுருகத்தம்மா ஒரு வாய் வைத்தார்.

"உப்பு கம்மி."

அக்காவின் சோற்றில் உப்புக் குறை சொல்லி நான் கேட்டதில்லை. சொன்னவர்களை அவள் விட்டதும் இல்லை. அன்றைக்குச் சிரித்தாள்.

"ஆமாங்க. கம்மிதான்."

அந்தம்மா இன்னொரு கரண்டி வாங்கிக்கொண்டார்.

மேனேஜர் சொன்னபடியே செய்தார். அடுத்த டூருக்கு அக்காவைக் கூப்பிடவில்லை. வேறு ஒரு மாஸ்டரைச் சேர்த்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். அக்காவிடம் சொன்னேன். "போயேன்" என்றாள். நான் போகவில்லை. அவளும் ஏன் என்று கேட்கவில்லை. மறுபடி கல்யாண மண்டபம், வெங்காயம். அவள் சாகிறவரைக்கும் அப்படித்தான் இருந்தோம். கார்டு அவள் வீட்டில் சாமி படத்துக்குப் பக்கத்தில் தொங்கியது.

கம்போடியாவிலிருந்து வந்த கொஞ்ச நாளில் மலைமேல் ஒரு வேலை வந்தது. அதே பஸ், அதே ரோடு. அந்த வளைவு வருவதற்கு முன்னாலேயே அக்கா எழுந்துவிட்டாள்.

"நிறுத்துப்பா."

கண்டக்டர் வெளியே பார்த்தார். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம்.

"ஏம்மா, எறங்கற எடமா இது? ஊரே இல்ல."

"எனக்கு வூடு இருந்த எடம். நிறுத்து."

நானும் மூட்டையோடு இறங்கினேன். பஸ் போய்விட்டது. காற்று மட்டும் இருந்தது. அக்கா ரோட்டில் முன்னும் பின்னும் நடந்தாள். பாறையைப் பார்த்தாள், பள்ளத்தைப் பார்த்தாள், ஒரு புளியமரத்தைப் பார்த்தாள். அப்புறம் நடு ரோட்டுக்கு வந்து குந்தினாள். டப்பாவைத் திறந்தாள். தார்மேல் ஒரு பொட்டு வைத்தாள்.

இந்தத் தடவை முழுசாகச் சொன்னாள். "வந்துட்டோம். ஆக்கிடறோம். கையச் சுடாத."

"அழிஞ்சிடும்க்கா" என்றேன்.

"அழியட்டும்."

எழுந்து முட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டாள். அப்போது மேலேயிருந்து ஒரு லாரி இறங்கி வந்தது. வளைவில் ஹாரன் அடித்தது. நான் ஓரத்துக்கு ஓடினேன். அக்கா ஓடவில்லை. பொட்டுக்குப் பக்கத்தில் நின்றபடி கையை நீட்டிக் காட்டினாள். நிறுத்தச் சொல்லவில்லை. கொஞ்சம் அந்தாண்ட போகச் சொன்னாள்.

லாரிக்காரர் எதற்கென்று தெரியாமலே ஒதுங்கிப் போனார்.